நெக்கர் நதிக்கரையும் அடையாற்றங்கரையும்

அடையாற்றின் தெற்கே, கிண்டிக் காட்டை ஒட்டி இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அமைந்துள்ளது. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு உருவான அக்கழகத்தை 1959 ஜூலை 31 அன்று தொடங்கி வைத்தவர் அன்றைய மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீர். அது முதல் ஜெர்மனி சென்னைவாசிகளுக்கு எட்டாத தேசமாக இருந்ததில்லை. இன்று மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாழும் நம் குடும்பங்களில், பிள்ளையை அங்கே படிக்க அனுப்பும் பேச்சு எழுந்தால், பெரியவர்கள் கேட்பது ஒரு கேள்விதான்: "அந்த மொழியையும் பண்பாட்டையும் கற்கப் போகிறவன் நம்முடையதை மறந்துவிட மாட்டானா?"

மதரஸாவில் ஓதிக்கொடுப்பவன் என்ற முறையில் என்னிடமும் இக்கேள்வி வருவதுண்டு. சீன தேசம் சென்றேனும் கல்வி தேடுக என்று மேடைகளில் கூறப்படும் வாசகத்தை நான் விடையாகச் சொல்வதில்லை. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது. நம் வரலாறே போதிய சான்று.

1907ஆம் ஆண்டுக் கோடையில், கேம்பிரிட்ஜில் பயின்ற இளைஞர் இக்பால் ஜெர்மன் கற்பதற்காக ஹைடல்பர்க் நகரை அடைந்தார். நெக்கர் நதி பாயும் அவ்வூரில் எம்மா வேகநாஸ்ட் என்னும் பெண்மணி அவருக்கு அம்மொழியைக் கற்பித்தார். அவ்வாண்டு நவம்பரில் மூனிச் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. அவர் ஆராய்ந்த பொருள் யாது? பாரசீகத்தில் மெய்ப்பொருட் சிந்தனை வளர்ந்த வரலாறு! பட்டம் மேற்கினுடையது, தேடிய செல்வமோ கிழக்கினுடையது.

இதில் ஓர் அழகிய சுழற்சியும் உண்டு. ஷீராஸ் நகரத்துக் கவிஞர் ஹாபிஸின் திவானை ஹாம்மர் புர்க்ஸ்டால் ஜெர்மனில் பெயர்த்தார். அதில் மனம் பறிகொடுத்த மகாகவி கோதே, 1819இல் தம் கவிதை நூலுக்கும் 'திவான்' என்றே பெயரிட்டார். அதற்கு மறுமொழியாக 1923இல் இக்பால் பாரசீகத்தில் 'பயாமே மஷ்ரிக்' நூலை வெளியிட்டார். பாரசீகத்திலிருந்து புறப்பட்ட நறுமணம் ஜெர்மன் வழியாகப் பாரசீகத்திற்கே திரும்பியது. இக்பால் அங்குக் கண்டதையெல்லாம் ஏற்றுக்கொண்டவரல்லர். ஐரோப்பியரின் தேசிய வெறியைக் கடுமையாகக் கண்டித்தார்.

அக்கல்வியின் பயன் நம் சென்னைக்கும் கிட்டியது. 1929 ஜனவரியில், வள்ளல் ஜமால் முஹம்மது சாகிபின் ஆதரவில், கோகலே மண்டபத்தில் அல்லாமா இக்பால் சொற்பொழிவாற்றினார். இமாம் கஸ்ஸாலியையும் ஜெர்மானியத் தத்துவஞானி காண்ட்டையும் ஒரே தராசில் நிறுத்தினார் அவர். இருவரையும் கற்றவருக்கே அது இயலும்.

பெர்லினில் பயின்ற ஜாகிர் ஹுசைன் 1926இல் டாக்டர் பட்டத்துடன் திரும்பி, பொருளின்றித் தள்ளாடிய ஜாமியா மில்லியாவைத் தாங்கி நிறுத்தினார்; 1967இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார். அவருடைய தோழர் ஆபித் ஹுசைன், காண்ட்டின் நூலையும் கோதேயின் 'ஃபௌஸ்ட்' நாடகத்தையும் உருதுவில் தந்தார்.

ஆகவே, பிள்ளை எதை இழப்பான் என்று அஞ்சுவதோடு, எதைக் கொண்டு திரும்புவான் என்றும் கேட்போமாக. அரபு இலக்கியத்தின் பெருவரலாற்றை எழுதிய ப்ரோக்கல்மன் ஜெர்மானியர். அதை எழுதியதும் ஜெர்மனில்தான். நம் கிதாபுகளின் கையெழுத்துப் பிரதிகளைத் தேடுவோருக்கு அந்நூல் இன்றும் வழிகாட்டி. அதனை மூலத்திலேயே படித்து, அதன் பயனைத் தமிழில் தரும் ஒரு பிள்ளை நம் வீட்டிலிருந்து புறப்படட்டும். தாய்மொழியிலும் மார்க்கத்திலும் வேரூன்றச் செய்து அனுப்புவது நம் கடமை. வேர் பிடித்த மரம் எந்தக் காற்றுக்கும் அஞ்சுவதில்லை.