நீலத்துணி சென்ற வழி

நம் குயிலாப்பாளையத்திற்குத் தெற்கே அணித்தாயுள்ள புதுச்சேரித் துறையினின்று, 18, 19-ஆம் நூற்றாண்டுகளில், 'கினி' என்னும் நீலத்துணி கப்பலேறிற்று. அதன் வழியை நம் சங்கத்து அன்பர்கள் அறிதல் நன்று.

பிரெஞ்சுக் கும்பினியார் நெசவாளரிடம் நேரே துணி கொள்வாரல்லர். வணிகர் அவர்களோடு ஒப்பந்தம் செய்து முன்பணம் பெறுவர். அப்பணம் தரகர் கைவழியே ஊரூராய்ச் சென்று தறிக்காரரை அடையும். 1736 முதல் நாட்குறிப்பெழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையவர்களும் இத்துணி வாணிகத்தில் ஈடுபட்டவரே. பணம் பெற்ற நெசவாளன் வேறொருவர்க்குத் துணி விற்றலாகாது. இதனைக் கடனென்பதினும் தளையென்றலே பொருந்துமென யாம் கருதுகின்றோம்.

நெய்த துணி சாயக்காரரிடம் அவுரிநீலம் தோய்ந்து, பிரான்சு வழியாக மேற்காப்பிரிக்காவின் செனகாலை அடையும். ஆண்டுப் பாலைநில மக்கள் அதனையே நாணயம்போற் கொண்டு வேலம்பிசின் கொடுத்தனர். அப்பிசின் ஐரோப்பியத் துணியச்சுச் சாலைகட்கு இன்றியமையாததாயிருந்தது. 19-ஆம் நூற்றாண்டிற் புதுச்சேரியிலேயே ஆலைகள் எழுந்தன. அவற்றின் நீலத்துணியும் செனகாலுக்கே சென்றது. முன்பணம் மட்டும் கைத்தறிக்காரன் வாயிலுக்கு வருதல் குறைந்தது.