பித்தளை நாக்கு பாடக் கற்ற கதை

பஜனை மடத்து ஆர்மோனியப் பெட்டிக்கும், நீலப்பச்சை இரட்டைச் சடையை வீசிக்கொண்டு மேடையில் வெறும் ஒளியாக நின்று பாடும் ஹட்சுனே மிக்குவுக்கும் என்ன உறவு? ஒன்றுவிட்ட அக்கா தங்கை முறை வேண்டும். நம்பாதவர்கள் 1779ஆம் ஆண்டுக்குப் போய்வர வேண்டும்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகம் அப்போது ஒரு போட்டி வைத்தது. ஐந்து உயிரொலிகள் மனித வாயில் எப்படி வேறுபடுகின்றன, அவற்றைச் சொல்லும் கருவி ஒன்றைச் செய்ய முடியுமா என்பது கேள்வி. கோபன்ஹேகன் பேராசிரியர் கிறிஸ்டியன் கிராட்சென்ஸ்டைன், கோணல்மாணலான ஐந்து குழாய்களைச் செய்து பரிசைத் தட்டிச் சென்றார். காற்றில் துடிக்கும் மெல்லிய நாக்குதான் அவற்றின் குரல்வளை. பேச வந்த அந்த நாக்கு பேச்சை விட்டுவிட்டுச் சங்கீதத்துக்குப் போய்விட்டது. பட்டறை பட்டறையாகக் கைமாறி, 1840களின் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் கையில் ஆர்மோனியம் ஆனது. நம் ஊர்ப் பெட்டிக்குள் இருக்கும் ரீடு அதன் வாரிசு.

பேச்சை விடாமல் பிடித்துக்கொண்டவர் வியன்னாவின் வொல்ஃப்காங் ஃபான் கெம்பலன். துருத்தி நுரையீரல், ரப்பர் வாய், அதை உள்ளங்கையால் மூடித் திறந்தால் சொற்கள் வரும். 1791இல் இதைப் பற்றித் தடிமனாக ஒரு புத்தகமே எழுதினார். பாவம், அவர் முன்பு செய்த சதுரங்கம் ஆடும் பொம்மைக்குள் ஆள் ஒளிந்திருந்தான் என்பதால், ஆள் யாரும் ஒளிந்திராத இந்தக் கருவியையும் பலர் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். 1846இல் ஜோசஃப் ஃபேபர் என்பவர் லண்டனுக்குக் கொண்டுவந்த ‘யூஃபோனியா’ பெண் முகமூடி மாட்டிக்கொண்டு பிரிட்டிஷ் ராஜகீதத்தையே பாடியது.

இதற்கிடையில் நாக்கு ஜப்பானுக்குக் கப்பலேறிவிட்டது. 1887இல் ஹமாமட்சு ஊர்ப் பள்ளியில் அமெரிக்க ரீடு ஆர்கன் ஒன்று பழுதானது. மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்த்துப் பிழைத்துக்கொண்டிருந்த தொராகுசு யமஹாவைக் கூப்பிட்டார்கள். திறந்து பார்த்தவர், இதை நாமே செய்யலாமே என்று படம் வரைந்துகொண்டார். பார்த்துச் செய்த அந்த ஆர்கனில் பிறந்ததுதான் யமஹா கம்பெனி.

அடுத்த தாவல் 1961, அமெரிக்காவின் பெல் ஆய்வகம். ஜான் கெல்லியும் கேரல் லாக்பாமும் தொண்டையைத் துண்டுதுண்டான குழாய்களாகக் கணக்குப் போட்டு, ஐ.பி.எம். கணினியை ‘டெய்ஸி பெல்’ என்ற 1892ஆம் ஆண்டுக் காதல் பாட்டைப் பாட வைத்தார்கள். பின்னணி இசை மேக்ஸ் மேத்யூஸ். அங்கே நண்பரைப் பார்க்கப் போன இடத்தில் தற்செயலாக அதைக் கேட்டார் ஓர் எழுத்தாளர். 1956 முதல் இலங்கையிலேயே குடியிருந்த ஆர்தர் சி. கிளார்க்தான் அவர். 1968இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில் சாகும் கணினி அந்தப் பாட்டைத்தான் முனகுகிறது.

பாட்டு மறக்கப்படவில்லை. 2000இல் பார்சிலோனாவின் போம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து யமஹா ஒரு பாடும் மென்பொருளில் இறங்கியபோது, அதற்கு வைத்த செல்லப் பெயர் டெய்ஸி. கடைக்கு வரும்போது வோக்கலாய்டு. 2004இல் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்று லியோன், லோலா என்ற இரு ஆங்கிலக் குரல்களை விற்றது, பெரிதாக எடுபடவில்லை. சப்போரோவின் கிரிப்டன் நிறுவனம் 2007 ஆகஸ்ட் 31 அன்று, குரலோடு ஒரு முகத்தையும் சேர்த்து விற்றது. அந்த முகம்தான் மிக்கு. அவள் சட்டைக் கையில் இருப்பது யமஹாவின் பழைய டி.எக்ஸ்.7 சின்தசைசரின் பொத்தான்கள்.

அவள் கையில் வெங்காயத்தாள் வந்த கதை தனி. ஃபின்லாந்தின் லொய்துமா குழு 1995இல் பதிவுசெய்த நாட்டுப்பாடல் ஒன்றுக்கு, ஜப்பானியக் கார்ட்டூன் பெண் வெங்காயத்தாளைச் சுழற்றுவதுபோல யாரோ ஒரு துண்டுப்படம் ஒட்டினார்கள். அது 2006இல் இணையமெங்கும் சுற்றியது. மறு வருடம் அதே பாட்டை மிக்குவைப் பாட வைத்த ஒரு ரசிகர், தாளையும் அவள் கையில் கொடுத்துவிட்டார். கம்பெனி திட்டமிட்டு இப்படி ஒன்று வந்திருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை.

2009இல் ஜப்பானியம், ஆங்கிலம் இரண்டும் பாடும் மெகுரினே லூக்கா என்ற வோக்கலாய்டு வந்தாள். இரண்டு பாஷை என்றால் இரண்டு தனித்தனிக் குரல் கிடங்குகள். ஏனென்றால் ஜப்பானியம் பெரும்பாலும் உயிர்மெய்யாகவே நடக்கும். ஆங்கிலமோ ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ என்று ஓர் உயிரைச் சுற்றி மெய்களை மூட்டை கட்டும்.

வீட்டில் ஒரு பாஷை, பாட்டில் ஒரு பாஷை என்று வாழும் பொழுதுபோக்குக்காரர்களுக்குக் கதவு திறந்தது 2008இல் வந்த ‘உத்தாவு’ என்ற இலவச மென்பொருள். பெயருக்குப் ‘பாடு’ என்று பொருள். யாரும் தன் குரலைப் பதிந்து பாடகராக்கலாம். அதன் நட்சத்திரம் கசானே டெட்டோ, அந்த வருட ஏப்ரல் முட்டாள் தினத்துக்காகப் புதிய வோக்கலாய்டு என்று கட்டிவிடப்பட்ட புளுகு!

உத்தாவுக்குப் பதிய வேண்டிய ஜப்பானியப் பட்டியலைத் தமிழர் ஒருவர் பார்த்தால் துணுக்குறுவார். அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந. பகரம் இருந்த இடத்தில் ஹகரம். ம, ய, ர, வ. நம் அரிச்சுவடி வரிசையேதான்! சமஸ்கிருதத்துக்காகச் சித்தம் எழுத்துப் படித்த பௌத்தத் துறவிகள் ஜப்பானுக்குக் கொடுத்த வரிசை அது.

சரி, சொந்தமாயிற்றே என்று அந்தக் குரலில் தமிழை ஏற்றிப் பாருங்கள். ல, ள, ழ மூன்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே ரகரம். ‘மழை’ என்று போட்டால் திருகாணி ‘மரை’ வரும். ‘கல்’ என்று நிறுத்த முடியாது. ‘கரு’ என்று கொடுத்து, கடைசி உகரத்தைப் பாதியில் நறுக்க வேண்டும். நறுக்கும்போதுதான் உறைக்கிறது: குற்றியலுகரத்துக்கும் மெய்க்கும் ஒரே அரை மாத்திரை என்று தொல்காப்பியம் எப்போதோ சொல்லிவிட்டது.

புளுகாகப் பிறந்த டெட்டோ 2023இல் சின்தசைசர் வி மென்பொருளுக்கான குரலாகக் கடைக்கே வந்துவிட்டாள். ஜப்பானியக் குரலை வைத்தே ஆங்கிலமும் பாடுகிறாள். இப்போது ஒரு கிடங்கே போதும். தமிழ்க் குரல் செய்ய ஆசையிருந்தால் ‘ஓப்பன் உத்தாவு’ இலவசம். நெடிலை ராகமே நீட்டிக்கொள்ளும் என்பதால் குறில்களைப் பதிந்தால் போதும்: 18 மெய்க்கும் சேர்த்து 90 உயிர்மெய். மக்களுக்கு ஒரு ககரம், மகனுக்கு ஒரு ககரம் என்று வல்லினத்தை மட்டும் இரண்டு தரம் சொல்ல வேண்டும். ழகர வரிசையை முதலிலேயே பதிந்துவிடுங்கள். கடைசியில் வைத்தால் தொண்டை களைத்திருக்கும்.