கிரில் மூடியில புகை கசியுதா? கேஸ்கெட் வாங்கும் முன் இதைப் படிங்க!

காசிமேட்டுல வாங்கின வஞ்சிரத்தை மொட்டைமாடி கமாடோவில் (அதாங்க, முட்டை வடிவ செராமிக் கரி அடுப்பு) சுடுறீங்க. மூடி விளிம்பு வழியா புகை கசியுதா? கேஸ்கெட் தேஞ்சிருக்கலாம். அந்த வழியா காத்து புகுந்தா, சூடு கட்டுப்பாட்டில் நிற்காது. கரியும் சீக்கிரம் தீர்ந்துடும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது?
கிரில் ஆறினதும், விளிம்பில் ஒரு பேப்பர் வெச்சு மூடியைச் சாத்துங்க. இழுத்தா சுலபமா உருவிக்கிட்டு வருதா? அந்த இடத்துல இடைவெளி இருக்கு.

எதை வாங்கலாம்?
கமாடோவில் சூடு 350 டிகிரி செல்சியஸைத் தாண்டும்.

* சிலிக்கான் ரப்பர்: குக்கருக்கு ஓகே. 250 டிகிரிக்கு மேல தாங்காது.
* நோமெக்ஸ் ஃபெல்ட்: மிதமான சூட்டுக்கு சரி. அடிக்கடி பீட்சா சுட்டா கருகிடும்.
* ஃபைபர் கிளாஸ்: சுமார் 500 டிகிரி தாங்கும். இதுதான் பெஸ்ட். ஒட்டும்போது கையுறை போடுங்க, அரிக்கும்.

இது மட்டும் வேண்டாம்!
எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் பாய்லர் வேலை பார்த்த பெரியவங்க, 'ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுத்திடலாம்ப்பா'ன்னு சொல்லலாம். சூடு தாங்கும், உண்மைதான். ஆனா எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூடியைத் திறந்து மூடும்போது உதிர்ற தூசு, மூச்சோட நுரையீரலுக்குப் போயிடும். அதனால, பாக்கெட்டில் 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது'ன்னு போட்டிருந்தா மட்டும் வாங்குங்க.