காய்ந்த மரங்களுக்கிடையே புகையிலை

அருங்காட்சியகம் என்றவுடன் கண்ணாடிப் பெட்டிகளும் 'தொடாதீர்' என்ற அறிவிப்பும் உங்கள் நினைவுக்கு வரலாம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள செயின்ட் மேரீஸ் நகரில் வேறு வகைக் காட்சியகம் ஒன்று உண்டு. 1634இல் ஆங்கிலேயர் குடியேறிய ஊர் இது. 1695 வரை அக்குடியேற்றத்தின் தலைநகர். இங்கு 1660களின் புகையிலைப் பண்ணை ஒன்றை அமைத்து, அக்கால உடை தரித்தவர்கள் அக்கால வேலைகளைச் செய்து காட்டுகின்றனர்.

அன்றைய வயலில் ஏர்ச்சாலைத் தேடாதீர்கள். காட்டு மரங்களை வெட்டிச் சாய்க்கப் போதிய ஆளில்லை. ஆகவே பழங்குடியினரிடம் கற்ற முறைப்படி, அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாகச் செதுக்கிவிட்டனர். இலையில் உண்டாகும் உணவு உட்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது அல்லவா? அவ்வழி அறுந்ததும் வேர் பட்டினியால் மடியும். மரம் நின்றபடியே காயும். காய்ந்த மரங்களுக்கிடையே ஏர் எப்படி ஓடும்? மண்வெட்டியால் மண்ணைக் குவித்து, குவியலுக்கு ஒரு நாற்றாக நட்டார்கள். பன்றிகளும் மாடுகளும் காட்டில் திரிந்தன, வேலி பயிருக்குத்தான். இங்கிலாந்திலிருந்து வந்தவர்களுக்கு இது விந்தை. நமக்கல்ல!

புகையிலைக்கு ஓய்வில்லாத வேலை. நுனி கிள்ள வேண்டும், பக்கக் கிளைகளை ஒடிக்க வேண்டும், விரல் பருமனுள்ள பச்சைப் புழுக்களைக் கையால் பொறுக்கி நசுக்க வேண்டும். பிறகு செடியை அறுத்துக் கொட்டகையில் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும்.

இத்தனைக்கும் அந்நிலம் மூன்று நான்கு ஆண்டுகளில் சத்திழந்துவிடும். கால்நடைகள் காட்டில் திரிந்ததால் எருவும் சேரவில்லை. நிலத்தை ஏறத்தாழ 20 ஆண்டுகள் தரிசாக விட்டார்கள். நீங்களே கணக்கிடுங்கள்: ஓர் ஆள் ஆண்டுக்கு 3 ஏக்கர் பயிரிடுகிறான், அதை மூன்றாண்டு உழைத்துவிட்டு 20 ஆண்டு தரிசு போடுகிறான் என்றால், அந்த ஓர் ஆளுக்கே 23 ஏக்கர் வேண்டும். குடியேறியவர்களின் நிலப்பசிக்கு இது ஒரு முக்கியக் காரணம். பழங்குடியினர் மேலும் மேலும் பின்னுக்குத் தள்ளப்பட்டனர்.

உழைத்தவர்கள் யார்? தொடக்கத்தில் பெரும்பாலோர், கப்பல் கட்டணத்துக்கு ஈடாக நான்கைந்து ஆண்டு வேலை செய்ய ஒப்பந்தம் எழுதிக்கொடுத்த ஆங்கிலேய ஏழைகள். மலேரியா முதலிய நோய்களால் தவணை முடியுமுன்பே இறந்தவர் பலர். காட்சியகத்தின் 'கூலியாள்' மாலையில் உடை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். இந்த ஒன்றை மட்டும் எந்தக் காட்சியகமும் நடித்துக்காட்ட இயலாது. ஆப்பிரிக்கரோ தவணையே இல்லாதவராயினர். அவர்கள் ஆயுள் முழுவதும் அடிமைகள் என்று மேரிலாந்து 1664இல் சட்டம் இயற்றியது. அவர்களுடைய பிள்ளைகளும் அவ்வாறே என்றது அச்சட்டம்.