வெல்லமும் சுவடு உலோகங்களும்: ஜேடர்பாளையம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் அளவீட்டு வரலாறு

முன்னுரை

காவிரியின் ஜேடர்பாளையம் தடுப்பணையிலிருந்து பிரியும் ராஜ வாய்க்கால், பரமத்தி வேலூர் வட்டாரத்தின் கரும்பு, வாழை, வெற்றிலை வேளாண்மைக்கு அடிப்படையாகும். இங்கு விளையும் கரும்பின் ஒரு பகுதி ஆலைக் கொட்டகைகளில் வெல்லமாகக் காய்ச்சப்பட்டுப் பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தையை அடைகிறது. சாற்றின் அழுக்கை அகற்றச் சுண்ணாம்பும், நிறத்தை வெளுக்க ஹைட்ரோஸ் முதலியனவும் சேர்க்கப்படுவதுண்டு. வெல்லக் கலப்படம் பற்றிய பேச்சு பெரும்பாலும் சர்க்கரைக் கலப்போடும் வெளுப்பானோடும் நின்றுவிடுகிறது. சேர்க்கப்படும் வேதிப்பொருளோடு நச்சு உலோகமும் நுழையக்கூடுமா, நுழைந்தால் அதனை எவ்வாறு அளப்பது என்னும் வினாக்களுக்கு நூறாண்டைக் கடந்த வரலாறு உண்டு.

மான்செஸ்டர் தந்த பாடம்

1900இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் பீர் அருந்தியோர் 6,000 பேருக்கு மேல் நோயுற்றனர். குறைந்தது 70 பேர் இறந்தனர். முதலில் மிகுகுடியின் விளைவென்றே கருதப்பட்டது. மருத்துவர் எர்னஸ்ட் ரெனால்ட்ஸ் பீரில் ஆர்சனிக் இருப்பதைக் கண்டறிந்தார். பீர் வடிக்கப் பயன்பட்ட சர்க்கரையைத் தயாரிக்கச் சேர்த்த கந்தக அமிலமே அதன் மூலம். நஞ்சைக் கலந்தவர் எவருமிலர். துணைப்பொருளின் தூய்மையின்மையே காரணம். கெல்வின் பிரபு தலைமையிலான அரச ஆணையம் 1903இல் திட உணவில் பவுண்டுக்கு நூற்றிலொரு கிரெயின், அதாவது கிலோவுக்கு ஏறத்தாழ 1.4 மில்லிகிராம், என ஆர்சனிக்கிற்கு வரம்பு பரிந்துரைத்தது. இந்தியாவின் 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, தனித்துக் குறிக்கப்படாத உணவுகளுக்கு ஆர்சனிக் 1.1, காரீயம் 2.5 மில்லிகிராம் என வரையறுத்தது.

சுருங்கிய துளி

ஆர்சனிக்கைக் கண்டறிய 1836இல் ஜேம்ஸ் மார்ஷ் வகுத்த சோதனை இருந்தது. பல உலோகங்களையும் அளக்கும் பொதுவழியை, ஆலன் வால்ஷ் 1955இல் வெளியிட்ட அணு உட்கவர் நிறமாலையியல் திறந்தது. எனினும் சர்க்கரைப்பொருள் செறிந்த மாதிரியில் மிகக் குறைந்த உலோகத்தை அளப்பது கடினம். முதலில் அமிலத்தால் கரிமப்பொருளைச் சிதைத்து, பின்னர் உலோகத்தை மட்டும் பிரித்துச் செறிவூட்ட வேண்டும். 2006இல் ஈரானிய ஆய்வாளர் ரெசாயி, அசாதி குழுவினர் வெளியிட்ட சிதறல் நீர்ம நுண்பிரித்தெடுப்பு, 5 மில்லிலிட்டர் நீரிலுள்ள கரிமச் சேர்மங்களைச் சுமார் 5 மைக்ரோலிட்டர் கரைப்பான் துளிக்குள் திரட்டியது. அடுத்த ஆண்டே இம்முறை காட்மியத்திற்கும் விரிந்தது. உலோக அயனியை இடுக்கிணைப்பியோடு பிணைத்தால் அது கரைப்பானுக்குள் புகும். மையவிலக்கால் துளி அடியில் தங்கும்.

துளியின் மறுபக்கம்

செறிவூட்டல் மாதிரியின் உலோகத்தை மட்டும் பெருக்குவதில்லை. சோதனை அமிலத்திலும் கண்ணாடிக்கலத்திலும் உள்ள மாசையும் பெருக்குகிறது. மான்செஸ்டரில் பீருக்கு நேர்ந்தது ஆய்வகத்தில் அளவீட்டுக்கே நேரலாம். ஆகவே மாதிரியின்றிச் செய்யும் வெற்றுச் சோதனை இன்றியமையாதது. சோதித்த இடமும் எண்ணைப் போலவே முக்கியம். 2015இல் மேகி நூடுல்ஸில் காரீயம் மிகுதி எனக் கூறி விதித்த தடையை, ஆய்வகங்களின் அங்கீகாரக் குறையையும் சுட்டி மும்பை உயர்நீதிமன்றம் ஆகஸ்ட் 13 அன்று நீக்கி, மறுசோதனைக்கு ஆணையிட்டது.

முடிவுரை

பெருநிறுவனம் நீதிமன்றம் செல்லும். கொப்பரை வைத்துக் காய்ச்சுபவருக்கு ஓர் அறிக்கையே பருவத்தின் வருவாயை முடித்துவிடும். உண்பவர்க்கோ பிழையான எண் நஞ்சை மறைத்துவிடும். எனவே வெல்லத்தோடு அதில் சேரும் வேதிப்பொருளையும் சோதிப்பதும், முடிவோடு வெற்றுச் சோதனை மதிப்பையும் வெளியிடுவதும் வேண்டும். நுண்மையான கருவியைவிட நம்பத்தக்க அளவீடே இவ்விருவரையும் காக்கும் என்பது இவ்வரலாறு உணர்த்தும் முடிவாகும்.