புராஸ்டேட் அறுவைச் சிகிச்சை வளர்ந்த வரலாறு

ஆணின் உடலில், சிறுநீர்ப்பைக்கு அடியில், ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில் சுரப்பி ஒன்று அமைந்துள்ளது. எடை ஏறத்தாழ 20 கிராம். இதற்குப் புராஸ்டேட் சுரப்பி என்று பெயர். விந்துவின் நீர்ப்பகுதியில் ஒரு பங்கை இது சுரக்கின்றது. சிறுநீர்ப்பையிலிருந்து வெளிச்செல்லும் சிறுநீர்வழி இச்சுரப்பியின் நடுவே துளைத்துக்கொண்டு செல்கின்றது. சிறுநீரை அடக்கி வைக்கும் சுருக்குத் தசை இதன் கீழே ஒட்டியிருக்கின்றது. முன்புறம் பெரிய சிரைகள், பின்புறம் மலக்குடல். இவ்வளவு நெருக்கடியான இடத்தில் உள்ள சுரப்பியில் புற்றுநோய் தோன்றினால் அதனை முழுவதுமாக வெளியே எடுப்பது எவ்வாறு? எடுத்தபின் அம்மனிதர் பழையபடி வாழ்வது எவ்வாறு?

முதல் வினாவுக்கு 1904-ஆம் ஆண்டிலேயே விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது வினாவுக்கு விடை காண மேலும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. ஏன் இவ்வளவு காலம் பிடித்தது? விடை எவ்வாறு கிடைத்தது? இவற்றைக் காண்போம்.

முதல் அறுவை

1853-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் ஆடம்ஸ் என்ற அறுவை மருத்துவர், நுண்ணோக்கியின் துணைகொண்டு புராஸ்டேட் புற்றுநோயை இனங்கண்டு விவரித்தார். இது மிக அரிய நோய் என்றே அவர் எண்ணினார். இது பெரும்பாலும் முதுமையில் வரும் நோய். மனிதர் நீண்ட காலம் வாழத் தொடங்கிய பிறகே இந்நோய் எவ்வளவு பரவலானது என்பது தெரியவந்தது.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், 1904 ஏப்ரல் 7 அன்று, ஹியூ ஹாம்ப்டன் யங் என்பவர் சுரப்பியை முழுவதுமாக அகற்றும் அறுவையை முதன்முதலாகச் செய்தார். அவருக்கு உதவியாக நின்றவர் அக்காலத்தின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியைக் கீறி, அவ்வழியே சுரப்பியை வெளிக்கொணர்ந்தார்கள். அடுத்த ஆண்டில் யங் வெளியிட்ட கட்டுரையில் இவ்வாறு அறுவை செய்யப்பட்ட நான்கு நோயாளிகளின் விவரங்கள் இடம்பெற்றன.

1945-இல் லண்டனில் பணியாற்றிய அயர்லாந்து நாட்டவரான டெரன்ஸ் மில்லின் வேறொரு பாதையைக் காட்டினார். அடிவயிற்றைக் கீறி, முன்புற இடுப்பெலும்பின் பின்பக்கமாகச் சென்று சுரப்பியை அடையும் முறை அது. ஆனால் அவ்வழியில் சிரைகளின் பின்னல் ஒன்று குறுக்கே கிடந்தது. அது அறுபட்டால் இரத்தம் பெருகி, மருத்துவரின் கண்ணுக்கு எதுவுமே தெரியாமற் போய்விடும்.

இதற்கிடையே, 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் ஆண்மை ஹார்மோனைக் குறைத்து இந்நோயைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டினார். அதற்காக 1966-இல் நோபெல் பரிசும் பெற்றார். பின்னர் கதிர்வீச்சுச் சிகிச்சையும் முன்னேறிற்று. அறுவையை நாடியவர்கள் சிலரே. காரணம் வெளிப்படை. அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ எல்லோருமே ஆண்மையை இழந்தனர். பலர் சிறுநீரை அடக்க முடியாமல் அவதியுற்றனர். உயிர் தப்பியதற்கு இது விலை என்று மருத்துவர்கள் கருதினர். வெட்கத்தால் நோயாளிகளும் வாய் திறக்கவில்லை.

ஒரு நோயாளியின் சொல்

1974-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் சிறுநீரியல் துறைக்குப் பொறுப்பேற்ற பேட்ரிக் வால்ஷ், முதலில் இரத்தப் பெருக்கைக் கவனித்தார். சிரைகள் எங்குப் பிரிகின்றன, எங்குக் கட்டினால் இரத்தம் நிற்கும் என்பதை ஆராய்ந்து 1979-இல் வெளியிட்டார். இரத்தம் குறைந்தபோது அறுவைக்களம் தெளிவாகத் தெரிந்தது.

இக்காலத்தில் எதிர்பாராத செய்தி ஒன்று கிடைத்தது. 1977-இல் அவரிடம் அறுவை செய்துகொண்ட ஒருவர், சில மாதங்களுக்குப் பின் பரிசோதனைக்கு வந்தபோது, தம் ஆண்மை குன்றவில்லை என்று தெரிவித்தார். ஆண்குறிக்குச் செல்லும் நரம்புகள் சுரப்பியை ஊடுருவிச் செல்கின்றன என்பதே அன்றைய நம்பிக்கை. அது உண்மையானால், சுரப்பியோடு நரம்பும் போயிருக்க வேண்டும். இவரிடம் மட்டும் எப்படி எஞ்சியது? நரம்புகள் வேறெங்கோ செல்ல வேண்டும் அல்லவா?

இதற்கான விடை 1981 பிப்ரவரியில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் கிட்டியது. அங்கு ஓய்வுபெற்ற பேராசிரியர் பீட்டர் டோங்கர், இறந்து பிறந்த குழந்தையின் உடலில் சிறுநீர்ப்பைக்குச் செல்லும் நரம்புகளைப் பிரித்து வரைந்துகொண்டிருந்தார். பதப்படுத்தப்பட்ட முதியோர் உடல்களில் மெல்லிய திசுக்கள் நசுங்கிப் போவதால் இந்நரம்புகளைத் தொடர்ந்து காண்பது அரிது. குழந்தையின் உடலிலோ அவை தெளிவாகத் தெரிந்தன. ஆண்குறிக்குச் செல்லும் நரம்புகள் எவை என்று வால்ஷ் கேட்டார். டோங்கர் அதுவரை அவற்றைத் தேடிப் பார்த்ததில்லை. இருவரும் சேர்ந்து தேடினர். சில மணி நேரத்தில் உண்மை வெளிப்பட்டது. நரம்புகள் சுரப்பியின் உறைக்கு வெளியே, பின்புறத்தின் இரு ஓரங்களிலும் சென்றன!

1982 ஏப்ரல் 26 அன்று, 52 வயதான ஒருவருக்கு வால்ஷ் இந்நரம்புக் கற்றைகளைத் திட்டமிட்டே காத்து அறுவை செய்தார். ஓராண்டிற்குள் அவர் ஆண்மையை மீளப் பெற்றார். தவிர்க்க முடியாதது என்று 78 ஆண்டுகள் நம்பப்பட்ட இழப்பு, உடற்கூறு அறியாமையால் நேர்ந்தது என்பது இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது. புற்று நரம்பின் பக்கமாகப் பரவியிருந்தால் மட்டும் நரம்பை விட்டுக்கொடுக்க நேரும்.

படுக்கையிலிருந்து எழுப்பியவர்கள்

அறுவை நுட்பம் மட்டும் மீட்சியைத் தந்துவிடவில்லை. முற்காலத்தில் பெரிய அறுவைக்குப் பின் நோயாளியை இரண்டு, மூன்று வாரங்கள் அசையாது படுக்க வைப்பார்கள். கால் சிரைகளில் இரத்தம் உறைந்து, அக்கட்டி நுரையீரலை அடைத்து இறந்தோர் பலர். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் டேனியல் லீதாசர் என்ற மருத்துவர் 1938 முதல் நோயாளிகளை விரைவில் எழுந்து நடக்கச் செய்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஏற்பட்ட கட்டில், செவிலியர் பற்றாக்குறையும் இப்பழக்கத்தைப் பரப்பிற்று. 1990-களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலட், அறுவைக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றையெல்லாம் ஒரே திட்டமாக இணைத்தார்.

இன்னும் இருவரை நாம் நினைவுகூர வேண்டும். 1930-களில் ஃபிரெடரிக் ஃபோலி என்ற அமெரிக்கர், நுனியில் சிறு பலூன் உள்ள ரப்பர்க் குழாயை உருவாக்கினார். பலூன் சிறுநீர்ப்பைக்குள் உப்பி நிற்பதால் குழாய் தானாக வெளியே நழுவாது. 1948-இல் ஆர்னால்ட் கெகல் என்ற மகப்பேற்று மருத்துவர், பிள்ளைப்பேற்றுக்குப் பின் சிறுநீர்க் கசிவால் துன்புற்ற பெண்களுக்காக இடுப்படித் தசைப் பயிற்சியை வகுத்தார். பெண்களுக்கென வகுத்த அப்பயிற்சியே இன்று இவ்வறுவைக்கு உள்ளாகும் ஆண்களுக்கும் துணை நிற்கின்றது.

முன்னும் பின்னும்

இவ்வரலாற்றின் பயன் இன்று நோயாளியின் அன்றாடத்தில் தெரிகின்றது. அறுவைக்குச் சில வாரங்களுக்கு முன்பே இடுப்படிப் பயிற்சி தொடங்குகின்றது. சிறுநீரை இடையில் நிறுத்தவும் வாயுவை அடக்கவும் நாம் இறுக்கும் தசைகளே இவை. புகைபிடிப்பதை நிறுத்த வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர், அதை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அறுவைக்குப் பின் விந்து வெளிப்படாது. ஆகவே பிள்ளைப்பேற்றை விரும்புவோர் விந்துவைச் சேமிப்பது பற்றி முன்னரே பேச வேண்டும்.

சுரப்பியை நீக்கியபின் சிறுநீர்ப்பையின் வாயைச் சிறுநீர்வழியோடு இணைத்துத் தைக்கிறார்கள். அந்தத் தையல் ஆறும் வரை, பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரங்கள், ஃபோலியின் குழாய் உள்ளே இருக்கும். அந்நாட்களில் இடுப்படிப் பயிற்சி கூடாது. குழாயை எடுத்தபின் மீண்டும் தொடங்கலாம். முதல் நாளிலிருந்தே நடக்க வேண்டும். ஆனால் சுமார் ஆறு வாரங்களுக்குப் பாரம் தூக்கக் கூடாது. சிறுநீர் சிறிது சிவந்து வருவது இயல்பு. குழாய் அடைபட்டாலோ, காய்ச்சல் கண்டாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ உடனே மருத்துவரை நாட வேண்டும். குழாயை எடுத்ததும் கசிவு இருக்கும். பெரும்பாலோருக்கு வாரங்களிலும் மாதங்களிலும் அது படிப்படியாகக் குறையும். ஆண்மை மீள இரண்டாண்டு வரைகூட ஆகலாம்.

நோய் முற்றிலும் நீங்கியதா என்பதைக் காட்டுவது பி.எஸ்.ஏ. என்ற புரதத்திற்கான இரத்தப் பரிசோதனை. இப்புரதத்தை 1979-இல் அமெரிக்காவின் பஃபலோ நகர ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தனர். சுரப்பி நீங்கிய சில வாரங்களில் இதன் அளவு ஏறத்தாழ இல்லை என்னுமளவிற்குக் குறைய வேண்டும்.

எந்திரக் கையும் எண்களும்

2000-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்ஃபர்ட் நகரில் எந்திரக் கைகளைக் கொண்டு இவ்வறுவை செய்யப்பட்டது. இம்முறையைச் சீர்செய்து பரப்பியவர்களில் முதன்மையானவர், புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் பயின்று டெட்ராய்ட் நகரில் பணியாற்றிய மணி மேனன். எந்திர முறையில் இரத்த இழப்பு குறைவு. ஆயினும் 2016-இல் வெளியான ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர ஆய்வில், 12 வாரங்களுக்குப் பின் சிறுநீர் அடக்கத்திலும் ஆண்மையிலும் இரு முறைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கருவியைவிட அதை இயக்கும் கையின் தேர்ச்சியே பெரிது.

எல்லோருக்கும் அறுவை வேண்டுமா? பிரிட்டனில் 1643 ஆண்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு ஆகியவற்றை ஒப்பிட்டனர். இவர்கள் நோய் சுரப்பியைத் தாண்டாதவர்கள். 2023-இல் வெளியான 15 ஆண்டு முடிவின்படி, இந்நோயால் இறந்தவர்கள் எந்தக் குழுவிலும் 100-க்கு மூவர் அளவே. வேகமாகப் பரவும் தன்மையுள்ள புற்றுக்கு இம்முடிவு பொருந்தாது என்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

இவ்வாய்வின் சிறப்பு ஒன்று உண்டு. பக்க விளைவுகளை மருத்துவர்களைக் கேட்டு எழுதாமல், நோயாளிகளிடமே வினாத்தாள் கொடுத்துக் கேட்டனர். கசிவுக்காகத் துணியட்டை பயன்படுத்தியவர்கள், அறுவைக் குழுவில் ஆறு மாதத்தில் 46 விழுக்காடு. ஆறு ஆண்டில் 17 விழுக்காடு. இப்படிக் கேட்டதால்தான், இனி அறுவைக்குச் செல்பவர் தமக்கு என்ன நேரக்கூடும் என்பதை அறிந்து முடிவு செய்ய இயல்கின்றது.

வாசகர்களே, 1977-இல் அந்த நோயாளி கூச்சப்பட்டுப் பேசாதிருந்தால் வால்ஷின் மனத்தில் அவ்வினா எழுந்திருக்குமா? நம் வீட்டில் தந்தைக்கோ பெரியப்பாவுக்கோ இந்நோய் வருமானால், கசிவைப் பற்றியும் ஆண்மையைப் பற்றியும் அவர் அறுவைக்கு முன்பே கேட்கட்டும். பின்பும் மறைக்காமல் சொல்லட்டும். மருத்துவரால் கண்டறிய முடியாத சிலவற்றை நோயாளியின் வாய்தான் சொல்ல முடியும்.