எபிசோடு: காஞ்சிபுரத்துல ஒரு பல்லவி வகுப்பு, வாத்தியார் இல்லாம

போன வாரம் ஓபரா பத்திப் பேசினப்போ, "மைக் இல்லாம ஆயிரம் பேருக்குக் கேக்கற மாதிரி பாடறவங்க நம்ம பக்கம் இருந்தாங்களா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். இருந்தாங்க. அதுவும் நம்ம ஊர்லயே. காஞ்சிபுரம்னா பட்டு, கோயில், இட்லின்னு நிறுத்திக்கறோம். நாயனாப் பிள்ளையை விட்டுடறோம்.

காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை, இயற்பெயர் சுப்பிரமணிய பிள்ளை. 1889ல பிறந்து 1934ல காலமானவர். இசை வேளாளர் குடும்பம். அவருடைய பெரியம்மா, சித்தி வழியில வந்த பாட்டு அது. குறிப்பா தனகோடி அம்மாள் அந்தக் காலத்துலயே பேர் பெற்ற பாடகி. நாயனாப் பிள்ளையோட மேடையில வயலின், மிருதங்கத்தோட கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல்னு ஒரு படையே உட்காரும். 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரின்னு சொல்வாங்க, ஹைகோர்ட் மாதிரி. அத்தனை தாள வித்வான்களுக்கு நடுவுல கணக்கு தப்பாம பாடணும். திருப்புகழைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்ததுலயும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

பல்லவின்னா என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். ஒரே ஒரு வரி. கையில தாளம் அதே வேகத்துல ஓடிக்கிட்டே இருக்கும். வரியை மட்டும் பாதி வேகத்துல பாடுவாங்க, அப்புறம் இரட்டை வேகத்துல. ஆதி தாளத்துல ஒரு ஆவர்த்தனம் 8 அட்சரம்னா, ஒரு ஆவர்த்தனம் பிடிச்ச வரி பாதி வேகத்துல ரெண்டு ஆவர்த்தனம் எடுக்கும், இரட்டை வேகத்துல நாலு அட்சரத்துலயே முடியும். கேக்க எளிசா இருக்கும். வரி தாளத்தோட தொடக்கத்துல ஆரம்பிக்காம ஒன்றரை அட்சரம் தள்ளி ஆரம்பிச்சா? அங்கதான் எனக்கெல்லாம் தலை சுத்துது. கோடுல ஒரு இண்டெக்ஸ் தப்பினா திருத்தி மறுபடி ஓட்டலாம். மேடையில முடியாது.

இவ்வளவு பெரிய ஆளோட குரலை நாம கேக்க முடியாது. அவர் இசைத்தட்டு கொடுக்கவே இல்ல. பேக்கப் எல்லாம் சீடர்கள்தான். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை ஒருத்தர். வீணை தனம்மாளோட பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் இவர்கிட்ட கத்துக்கிட்டாங்க.

சீடர் பட்டியல்ல இல்லாத ஒரு பொண்ணும் கேட்டுக்கிட்டிருந்துச்சு. 1919ல காஞ்சிபுரத்துல பிறந்த டி.கே. பட்டம்மாள். அந்த 'டி' தாமல். பெங்களூரு ஹைவேல போறப்போ போர்டு பார்த்திருப்பீங்க. அப்பா கிருஷ்ணஸ்வாமி தீட்சிதர். ஆசாரமான பிராமணக் குடும்பம், குருகுலத்துக்கு அனுப்பற பேச்சே இல்ல. அதனால கச்சேரியில உட்கார்ந்து கேட்டுட்டு, வீட்டுக்கு வந்ததும் அண்ணன் தம்பிகளோட சேர்ந்து ஸ்வரப்படுத்தி எழுதி வெச்சுக்குவாங்க. நாயனாப் பிள்ளை காஞ்சிபுரத்துல நடத்தின போட்டியில எட்டு வயசுல முதல் பரிசு வாங்கினாங்க. 1929ல மெட்ராஸ் கார்ப்பரேஷன் ரேடியோ, 1932ல ரசிக ரஞ்சனி சபா மேடை. அப்போ வயசு 13.

அப்புறம் மேடையில ராகம் தானம் பல்லவியே பாடினாங்க. அது ஆம்பளைங்க வித்தைன்னு இருந்த காலம். 'பல்லவி பட்டம்மாள்'னே பேர் வந்துச்சு. "முதல் பெண்"னு எல்லா இடத்துலயும் எழுதியிருக்கும். எனக்கு அந்த வார்த்தையில ஒரு சின்ன நெருடல். பிராமணப் பெண்கள் பொது மேடையில பாடக்கூடாதுங்கற தடையை அவங்க உடைச்சது நிஜம், சொந்தக்காரங்க பேச்சை மீறினதும் நிஜம். ஆனா அதுக்கு முன்னாடியே இதே ஊர்ல தனகோடி அம்மாள் மாதிரி பெண்கள் மேடையில பாடிட்டாங்க. பட்டம்மாள் கேட்டு வளர்ந்த நாயனாப் பிள்ளையோட பாட்டே அந்த வீட்டுலேர்ந்து வந்தது. பின்னாடி மரியாதையும் சபாவும் எந்தப் பக்கம் போச்சுன்னு நமக்குத் தெரியும். பட்டம்மாளோட உழைப்பு இதனால ஒண்ணும் குறையல. தனகோடி அம்மாள் பேரையும் சேர்த்துச் சொல்லணும், அவ்வளவுதான்.

1970ல சங்கீத கலாநிதி, 1998ல பத்ம விபூஷண், 2009ல மறைவு. இதெல்லாம் விக்கிப்பீடியாவுல இருக்கு. நீங்க பட்டம்மாள் பாடின ஒரு பல்லவியைத் தேடிப் போடுங்க. கையில தாளம் போட்டுக்கிட்டே கேளுங்க. எத்தனையாவது நிமிஷத்துல தாளத்தைத் தவற விட்டீங்கன்னு எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல தனகோடி அம்மாளைப் பத்தி முழுசா பேசலாம்.